காளையின் முதுகில் நான் போட்ட சுழி

கோட்டுக்காரன் செத்துப்போனான் என்று போன மாதம் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். நான் போகவில்லை. "செத்தவன் மேலுமா கோபம்?" என்று என் மனைவி கேட்டாள். "செத்ததுக்குக் கோபம் இல்லை, இருந்ததுக்குத்தான்" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவளுக்கு இந்தக் கதை முழுவதும் தெரியாது. பாதி தெரியும். எனக்குச் சாதகமான பாதி.

மீதியையும் எழுதிவிடுகிறேன். அவன் போய்விட்டான், இனி மறுத்துப் பேச ஆள் இல்லை என்று நினைக்க வேண்டாம். அவன் இருந்திருந்தாலும் மறுத்திருக்க மாட்டான். ஊர் கூடி நிற்க ஒரு தரம் ஒப்புக்கொண்டவன் அவன். அதுதான் எனக்கு நேர்ந்த கேடே.

நானும் அவனும் பாலக்காட்டில் ஒரே படக்கடையில் தொழில் கற்றவர்கள். நாலு வருஷம் கண்ணாடித் தகடு கழுவினோம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பிலிம் கிடையாது. மருந்து பூசின கண்ணாடியில்தான் படம் விழும், அதிலிருந்துதான் வெயிலில் வைத்துக் காகிதத்தில் பிரதி போட வேண்டும். இங்கிலாந்துக்கே திரும்பிய ஒரு துரையின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது அவன் ஒரு கோட்டு வாங்கினான். அதற்குப் பிறகு சித்திரை வெயிலிலும் அதைக் கழற்றவில்லை. தொழில் படிந்ததும் அவன் எல்லைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் சீமையில் கடை போட்டான். நான் இந்தப் பக்கம், கொச்சி சமஸ்தானத்தில், வேலந்தாவளம் சந்தை முக்கில், டீக்கடைக்கு அடுத்த அறையில் போட்டேன். நடந்தால் ஒரு நாழிகை தூரம். அந்தத் தூரம் போதவில்லை.

என் அப்பா சித்தூர்க் கோர்ட்டில் நகல் எழுதுகிற குமாஸ்தா. ஆயுள் முழுக்க அடுத்தவன் எழுதினதைப் பார்த்துப் பார்த்து எழுதினவர். ஆனால் ஒவ்வொரு நகலின் அடியிலும் 'அசலுக்குச் சரியான நகல்' என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் எழுந்திருக்க மாட்டார். நகல் எடுக்கிறவனுக்கும் ஒரு மானம் உண்டு என்று நான் கண்டது அவரிடம்தான். அதனால்தான் கோட்டுக்காரனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி இருந்தது. தபால் அட்டை, காலண்டர் என்று படம் அச்சடித்து விற்கிற கம்பெனி. அவர்கள் எங்கும் ஆள் அனுப்ப மாட்டார்கள். எங்களைப் போலச் சுற்றுவட்டாரத்தில் கடை வைத்திருக்கிறவர்கள் தேர், மலை, அருவி, யானை என்று எடுத்துப் பிரதி அனுப்புவோம். பிடித்தால் வைத்துக்கொள்வார்கள். அச்சில் வரும்போது அடியில் பொடி எழுத்தில் எடுத்தவன் பேர் இருக்கும். மறைக்க என்ன இருக்கிறது, அந்தப் பொடி எழுத்துக்காகத்தான் நான் உயிரை விட்டேன். கல்யாண வீட்டில் மூக்கொழுகும் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து எடுக்கிறவனுக்கு வேறு எங்கே பேர் வரும்?

இதில் திருடுவது வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுகிற வேலை. அடுத்தவன் எடுத்த படத்தின் பிரதி ஒன்று கையில் கிடைத்தால் போதும். அதை வெயிலில் சுவரில் குத்தி, எதிரில் காமிராவை வைத்து, படத்தையே படம் எடுத்துவிடலாம். கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். மலை ஏற வேண்டாம், அட்டைக் கடி வேண்டாம், காய்ச்சல் வேண்டாம். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

முதலில் போனது என் தேயிலை மலைப் படம். உடுமலைப்பேட்டை வரை வண்டி, பிறகு மறையூர் ஏறி நடை. காமிராப் பெட்டி, முக்காலி, இரண்டு டஜன் கண்ணாடித் தகடு. மேலே போய்ச் சேர்ந்தபோது காலில் ரத்தம் ஒழுகியது. மூன்று நாள் மழை. நாலாம் நாள் காலையில் ஒரு நாழிகை நேரம் வெயில் வந்தது. கங்காணியைக் கெஞ்சிக் கொழுந்து கிள்ளுகிற பெண்களைச் சரிவில் நிற்கவைத்தேன். முன்னால் நின்றவள் கழுத்தில் சின்னச் சிலுவை. கூடையை இறக்காமலே கேட்டாள்:

"யய்யா, எங்களப் படம் புடிச்சிட்டுப் போறீயளே, எனக்கு ஒண்ணு தருவீயளா?"

"உனக்கு எதுக்கம்மா?"

"தின்னேலிப் பக்கம் எங்கம்மைக்கு அனுப்பணும். நான் உசுரோட இருக்கேன்னு காட்டணும்லா."

"அடுத்த மாசம் அனுப்பி வைக்கிறேன்" என்றேன். அனுப்பவில்லை. மறந்துபோய்விட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நினைவில் வைத்துக்கொண்டால்தானே மறப்பதற்கு.

காய்ச்சலோடு இறங்கி, படத்தைக் கழுவி, ஒரு பிரதியை என் கடை வாசல் பலகையில் மாட்டினேன்; கேட்டவர்களுக்கு ஒன்றிரண்டு விற்கவும் செய்தேன். கோயம்புத்தூருக்கு அனுப்ப இன்னும் நன்றாக ஒரு பிரதி போட வேண்டும் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். நாலு மாதத்தில் தபால் அட்டை வந்துவிட்டது. அதே சரிவு, அதே மூடுபனி, அதே சிலுவைக்காரி. அடியில் கோட்டுக்காரன் பேர். தன் கடை ஏணிக்கு மேல் ஒரு உயரம் ஏறாதவன் பேர்!

அன்றே அவன் கடைக்கு நடந்தேன். கத்தினேன். அவன் பதறவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே சிரித்தான்.

"ஏனுங்ணா, மலை உங்களுதுங்களா? தேயிலை உங்களுதா? அந்தப் பொம்பள உங்களுதா? வெளிச்சம் சூரியனுது. இதுல உங்களுது என்னங்க இருக்குது?"

"பாத்த கண்ணு என்னுதுடா!"

"கண்ணை நான் எடுக்கலீங்களே" என்றான்.

தூ! அந்தச் சிரிப்பு இன்னும் என் வயிற்றில் எரிகிறது. கம்பெனிக்கு எழுதினேன். எங்களிடம் யார் பிரதி வந்ததோ அவர் படம், மாறாக இருந்தால் நிரூபிக்கவும் என்று பதில் வந்தது. என் தகட்டைக் காட்டினால் அவனும் ஒரு தகட்டைக் காட்டுவான். சித்தூரில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் மூக்குப்பொடி போட்டு முடிக்கிற வரை காத்திருந்தேன். "அவன் அந்தப் பக்கம், கம்பெனி அந்தப் பக்கம், நீர் இந்தப் பக்கம். எதற்கும் முதலில் சாட்சி கொண்டுவாரும். ஒரு படத்துக்கும் இன்னொரு படத்துக்கும் வித்தியாசம் என்னவென்று கேட்டால் நானே சொல்ல மாட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு ஓரத்தில் என் பேரை எழுத ஆரம்பித்தேன். தேர்ப் படத்தில் எழுதினேன். அவன் ஓரத்தைக் கத்தரித்துவிட்டு மீதியை எடுத்தான். அருவிப் படத்தில் கொஞ்சம் உள்ளே தள்ளி எழுதினேன். கொஞ்சம் உள்ளே தள்ளிக் கத்தரித்தான். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். அவனைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

வடகரப்பதியில் ஒரு விதவை. காங்கேயம் ரகத்தில் ஒரு பொலிகாளை வைத்திருந்தாள். சுற்றுவட்டாரத்துப் பசுக்களெல்லாம் சினைக்கு அந்தக் காளையிடம்தான் வரும். அப்படி ஒரு மாடு! திமிலும் கழுத்தும் கறுத்து, உடம்பு வெள்ளிப் பாத்திரம் விளக்கினதுபோல் இருக்கும். அவள் புருஷன் கன்றிலிருந்து வளர்த்தது. அவன் அந்த வருஷம் ஆடியில் காய்ச்சலில் போய்விட்டான். புரட்டாசியில் நான் காமிராவோடு போய் நின்றபோது கொம்பு சீவி, கழுத்துக்குச் சலங்கை கட்டி, மூக்கணாங்கயிற்றை அவளே பிடித்துக்கொண்டு நின்றாள். கயிற்றை மட்டும் நீளமாக விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னேன்; படத்தில் அவள் வேண்டாம், காளை போதும் என்று.

"ஏனுங் படக்காரரே, எங்கூட்டுக்காரரு படம் ஒண்ணுங்கூட இல்லாமப் போச்சுங்க. இது அவரு கைல வளந்தது. இதோட படமாச்சும் ஊட்டுல இருக்கட்டும். ஒண்ணு எனக்குக் குடுத்துப்போடுங்க."

"பொங்கலுக்குள்ள தாரேனுங்க அம்மிணி" என்றேன்.

தகட்டைக் கழுவிப் பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். இதை அவன் திருடாமல் இருக்க மாட்டான் என்று அந்தக் கணமே தெரிந்தது. திருடட்டும் என்று நினைத்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வேலை உண்டு. தகட்டின் மேல் பிசின் தைலம் தடவி, கூரான பென்சிலால் தொட்டுத் தொட்டுக் கோடு போடுவோம். தகட்டில் கறுப்பாகப் போட்டது காகிதத்தில் வெளுப்பாக விழும். அம்மைத் தழும்பை மறைப்பதும் கிழவனுக்குச் சுருக்கம் எடுப்பதும் அப்படித்தான். ஓரத்தில் போட்டால்தானே கத்தரிப்பாய், காளை உடம்பிலேயே போடுகிறேன், கத்தரி பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். திமிலுக்குப் பின்னால் முதுகில் கறுத்த இடம். ரோமத்தோடு ரோமமாகத் தெரிய வேண்டும், ஆனால் நான் காட்டினால் எவனும் மறுக்கக் கூடாது. கை தானாக ஒரு சுழி போட்டது. நெற்றிச் சுழி மாதிரி, அழகாக. அதைப் போட்டுவிட்டு நானே மெச்சிக்கொண்டேன்.

நான் கோர்ட்டு குமாஸ்தா மகன். எங்கள் வீட்டில் பால் வாங்குவார்கள், மாடு கிடையாது. மாட்டுக்குச் சுழி பார்ப்பார்கள் என்று தெரியாதா? சந்தை முக்கில் கடை வைத்திருக்கிறவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? தெரியும். எந்த இடத்துச் சுழி என்ன செய்யும் என்று ஒரு வார்த்தை யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் கண்ணுக்கு அந்தக் கோட்டுக்காரனைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

அந்தத் தகட்டில் ஒரு பிரதி போட்டு, டீக்கடைக்காரரிடம் கொடுத்து, கல்லாவுக்கு மேலே மாட்டச் சொன்னேன். கோட்டுக்காரன் சந்தைக்குச் சந்தை அங்கே வருவான். வந்தான். படத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்து இரண்டு டீ குடித்தான். அடுத்த சந்தைக்குப் படம் சுவரில் இல்லை. அதற்கடுத்த சந்தைக்குத் திரும்ப இருந்தது, வேறு ஆணியில். "கேட்டாருங்க, குடுத்தேன். திருப்பிக் குடுத்துட்டாரே" என்றார் டீக்கடைக்காரர். நான் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

தை பிறக்கிறதுக்கு முன்னாலேயே காலண்டர் வந்தது. தபால் அட்டையாக வந்திருந்தால் நாலு வெள்ளைக்காரர்களோடு போயிருக்கும். கம்பெனி அதைப் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு விற்கிற ஒரு மண்டிக்குக் காலண்டராகப் போட்டுக் கொடுத்திருந்தது. மண்டிக்காரர் மாடு வைத்திருக்கிற வீடு ஒன்று விடாமல் கொடுத்திருந்தார். சந்தை முக்கில் எந்தக் கடையில் பார்த்தாலும் அந்தக் காளை. அடியில் அவன் பேர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். திமிலுக்குப் பின்னால் என் சுழி! பென்சில் நுனி ஒரு இடத்தில் வழுக்கியிருந்தது; அதுகூட அப்படியே இருந்தது. மாட்டிக்கொண்டாயாடா மவனே என்று கூத்தாடினேன். மனைவியைப் பாயசம் வைக்கச் சொன்னேன். அவளுக்குத் தெரிந்த பாதி இதுவரைதான்.

பொங்கல் கழிந்த முதல் சந்தை. மறுநாள் தகட்டையும் காலண்டரையும் எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் போவதாக இருந்தேன். டீக்கடைக்குப் போனால் மாட்டுத் தரகர்கள் காலண்டரைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வயதில் மூத்த தரகர் ஒருவர் என் சுழி மேலேயே விரலை வைத்திருந்தார்.

"பாடைச் சுழிங்க. முதுகெலும்புக்கு இந்தப் பக்கம் ஒண்ணு இருந்தா அந்தப் பக்கமும் ஒண்ணு இருக்கும். பாடைக்கு ரெண்டு பக்கம் மூங்கில் இல்லீங்களா, அது மாதிரி. இது நிக்கிற ஊட்டுல எழவு உழுகாமப் போகாது."

"உழுந்துதான் போச்சே. ஆடியில அவ புருசன் போனானே."

"நாமெல்லாம் அந்தக் காளைக்கிட்டப் பசுவைக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கோம்டா சாமி! கன்னுக்குட்டியெல்லாம் எந்த ஊட்டுல நிக்குதோ?"

எனக்குக் கையிலிருந்த கிளாஸ் சுட்டது, வைக்கத் தோன்றவில்லை. பத்து நாளாக வடகரப்பதிக்கு ஒரு பசுவும் போகவில்லை என்றும், வழியில் வந்த இரண்டும் திரும்பிப் போய்விட்டன என்றும் அப்போதுதான் கேள்விப்படுகிறேன். புருஷனின் அண்ணன் "காளையை வித்துத் தொலை, ஊட்டுல இன்னொரு சாவு உழுகோணுமா?" என்று வாசலில் நின்று கத்துகிறானாம். சுழி விழுந்த காளையை எவன் வாங்குவான்? உழுகிறவனும் வாங்க மாட்டான், வண்டிக்காரனும் வாங்க மாட்டான். மேற்கே ஓட்டிக்கொண்டு போகிற அடிமாட்டுக்காரன்தான் வாங்குவான். அடிமாடு என்றால் கத்திக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து அவளே வந்தாள். காளையைக் கையில் பிடித்துக்கொண்டு சந்தைக்கு நடுவில் வந்து நின்றாள். பொம்பிளை தனியாகச் சந்தைக்குள் வருகிற வழக்கமே அங்கு கிடையாது.

"பாத்துக்குங்க சாமிகளா! கண்ணு இருக்கிறவங்க எல்லாம் வந்து பாத்துக்குங்க. என்ற காளை முதுகுல சுழி எங்கீங்க இருக்குது? தொட்டுப் பாருங்க!"

மூத்த தரகர் போய்ப் பார்த்தார். திமிலுக்குப் பின்னால், படத்தில் சுழி இருந்த அதே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சூட்டுத் தழும்பு. அவர் கையை எடுத்துக்கொண்டார். நான் படம் எடுத்தபோது அந்தத் தழும்பு இல்லை.

"இது என்னுங்க அம்மிணி?"

"கார்த்திகையில முன்னங்கால் சப்பை வீங்கி நொண்டுச்சுங்க. மாட்டு வைத்தியரு சூடு போட்டாருங்க."

யாரோ சிரித்தார்கள். சந்தையில் கெட்ட சுழியை மறைக்க அந்த இடத்தில் சூடு போடுவது தரகர்களுக்குத் தெரிந்த பழைய வித்தை. அவர்களே செய்கிறதுதான். "படத்துல சுழி, மாட்டுல சூடு. நல்ல வைத்தியந்தான்" என்றான் ஒருவன். அவள் அவனைப் பார்த்த பார்வையில் எரிந்துபோயிருக்க வேண்டும். எரியவில்லை.

"வைத்தியரைக் கூப்பிட்டுக் கேளுங்க!"

"அவரு உங்க ஊரு ஆளுங்களே" என்றார்கள். "படம் புடிச்சவரைக் கேட்டாப் போச்சு. படம் பொய் சொல்லுமா?"

மண்டிக்காரர் காலண்டரின் அடியில் இருந்த பேரைச் சத்தமாகப் படித்தார். கோட்டுக்காரன் அங்கேதான், புளியமரத்தடியில் முக்காலியை விரித்துக்கொண்டு நின்றிருந்தான். கூட்டம் அவன் பக்கம் திரும்பியது. நூறு பேர், கையில் தார்க்குச்சியோடு. என்ன கேட்கிறார்கள் என்று அவனுக்குப் புரியவில்லை. யாரோ ஒருவர் மாட்டிக்கொள்ளப் போகிறார் என்பது மட்டும் புரிந்தது. கோட்டுப் பித்தானை அவிழ்த்துவிட்டுக்கொண்டான்.

"நான் எடுக்கலீங்க" என்றான். "சத்தியமா நான் எடுக்கலீங்க! டீக்கடையில இருந்த படத்தை வாங்கி அதைப் பாத்து எடுத்தேன். அசல் அவரு எடுத்தது. அந்தா நிக்கறாரு பாருங்க!"

சொல்லிவிட்டான். இரண்டு வருஷமாக நான் எந்த வாயிலிருந்து எந்த வார்த்தை வர வேண்டும் என்று சாபம் கொடுத்துக்கொண்டிருந்தேனோ, அந்த வாயிலிருந்து அதே வார்த்தை, சந்தை முழுக்கக் கேட்க. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நெஞ்சு நிமிர்ந்தது. ஆமாம், என் படம்தான் என்று சொல்ல வாய் எடுத்தேன்.

அதற்குள் அவள் காளையோடு என் முன்னால் வந்துவிட்டாள்.

"ஏனுங், நீங்கதான வந்து எடுத்தீங்க. அன்னிக்கு முதுகுல சுழி இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் படத்துல எப்படீங்க வந்துச்சு?"

"நான் போட்டேனுங்க" என்றேன். "திருடனைப் பிடிக்கறதுக்குப் பென்சில்ல போட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. யாருக்கும் புரியவில்லை. என் அறைக்கு ஓடினேன். தகட்டை எடுத்துவந்து வெயிலுக்கு நேரே பிடித்து, கறுப்பாக இருக்கிற சுழியைக் காட்டினேன். பஞ்சை டர்பன்டைனில் நனைத்துத் துடைத்தேன். சுழி போய்விட்டது. கோட்டுக்காரனுக்கு எதிராக என்னிடம் இருந்த ஒரே சாட்சியும் அதோடு போனது. அது தெரிந்தேதான் துடைத்தேன். இந்தக் கதையில் என் பேருக்கு நல்லதாகச் சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது, அதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

"பாத்தீங்களா? இல்லை! சுழி இல்லை!" என்று கத்தினேன்.

மூத்த தரகர் தகட்டை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். வெளுப்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பும், கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெளுப்புமாக இருக்கிற தகட்டில் அவருக்கு என்ன தெரியும்?

"இருந்ததனாலதானுங்களே அழிச்சீங்க" என்றார். "காளைக்கு வைத்தியரு அழிச்சாரு, கண்ணாடியில நீங்க அழிக்கறீங்க. ரெண்டும் ஒண்ணுதானுங்களே."

"சூடு போடறதுக்கு முன்னால எடுத்த படம் வேற இருக்குதுங்களா? சுழி இல்லாம?" என்று மண்டிக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி.

அவள்தான் சொன்னாள். "எனக்கு ஒண்ணு தாரேன்னாருங்க. பொங்கலுக்குள்ள."

எடுத்த அன்றே, பென்சில் தொடுவதற்கு முன்னால், ஒரே ஒரு பிரதி போட்டு அவளிடம் கொடுத்திருந்தால் போதும். அது அவள் வீட்டுச் சுவரில் இருந்திருக்கும். ஒரு காகிதம், அரை நாழிகை வெயில். அதற்கு எனக்குப் பொழுது இல்லை. சுழி போடப் பொழுது இருந்தது. அவள் காளையைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது, மரியாதைக்கு இல்லை, காளை மேலே பட்டுவிடும் என்று.

அப்படியும் மறுநாள் நான் கோயம்புத்தூர் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ரோஷம் விடவில்லை. கம்பெனிக்காரர் தகட்டையும் காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "உம்ம தகட்டில் முதுகு சுத்தமாக இருக்கிறது. எங்கள் காலண்டரில் சுழி இருக்கிறது. ஆக, இது வேறு படம்" என்றார். அவன் ஊரறிய ஒப்புக்கொண்டானே என்றேன். "சந்தையில் சொன்னதெல்லாம் சாட்சி ஆகுமா?" என்று சிரித்தார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினேன். எலி தப்பித்து அடுத்த வீட்டில் குட்டி போட்டது.

மாசி கடைசியில் ஒரு சந்தையன்று கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மேற்கே போகிற அடிமாடுகளை இரண்டு இரண்டாகப் பிணைத்து ஓட்டிக்கொண்டு போனார்கள். எல்லாம் கிழடு, நொண்டி, வற்றின பசு. நடுவில் அந்தக் காளை. கொம்பில் எண்ணெய் பளபளத்தது. அனுப்புகிற அன்றும் அவள் கொம்புக்கு எண்ணெய் தடவியிருக்கிறாள். புருஷனின் அண்ணன்தான் ஓட்டிவந்து கொடுத்தானாம், அவள் வாசல்படி தாண்டவில்லையாம். நான் உள்ளே போய்விட்டேன். என்ன செய்திருக்கலாம் என்று கேட்காதீர்கள். வாங்கியிருக்கலாம். வாங்கி எங்கே கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே சலங்கை இல்லாத அந்தக் காலடி கடந்து போய்விட்டது.

சித்திரையில் ஒரு நாள் தகட்டை எடுத்தேன். நல்ல காகிதம், நல்ல வெயில். என் ஆயுளில் அப்படி ஒரு பிரதி போட்டதில்லை. ஒவ்வொரு ரோமமும் தெரிந்தது. காயவைத்து, சுருட்டி எடுத்துக்கொண்டு வடகரப்பதிக்கு நடந்தேன். அவள் காலித் தொழுவத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். விரல் திமிலுக்குப் பின்னால் போய் நின்றது.

"சூடு இல்லாம இருக்குது" என்றாள். "அப்ப நொண்டலைதான்."

மன்னிப்புக் கேட்பதற்காக வழியெல்லாம் ஒரு பேச்சைக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். அதை எடுப்பதற்குள் அவள் படத்தின் ஓரத்தைப் பார்த்தாள்.

"இங்க என்னமோ எழுதியிருக்குதுங்களே. என்னுங்க இது?"

அப்போதுதான் நானே பார்க்கிறேன். பழக்கதோஷம். நினைத்து எழுதவில்லை, கை எழுதியிருக்கிறது.

"என் பேருங்க" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

"காளை என்னுதுங்க" என்றாள். "சுழிதான் உங்களுது. அதுல வேணா உங்க பேரைப் போட்டுக்குங்க."

அவரைக்காய் முனை கிள்ளுவதுபோல அந்த மூலையை மட்டும் கிழித்தாள். படத்தில் ஒரு ரோமம் சேதமில்லை; கோட்டுக்காரன்கூட அத்தனை சுத்தமாகக் கத்தரித்ததில்லை. அந்தத் துண்டை என் கையில் வைத்துவிட்டு, படத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.